மடத்தில் மண்வெட்டி வைக்கும் முன் சாசனத்தைப் படியுங்கள்

கும்பகோணத்தை ஒட்டிய தாராசுரத்தில் எங்கள் குடும்பத்து பஜனை மடத்தை யாத்ரீகர்கள் தங்கும் இடமாக மாற்றித் திறந்து ஓராண்டு ஓடிவிட்டது. எட்டு அறை, நடுவில் கூடம், பின்னால் பொதுக் குளியலறைகள். லாபத்துக்கு இல்லை, தர்மத்துக்குத்தான். 22 லட்சத்தில் முடியும் என்று மதிப்பீடு போட்ட வேலை 41 லட்சத்தில் வந்து நின்றது. அதில் ஏழெட்டு லட்சம் முழுத் தண்டம். விலைவாசி ஏற்றத்தால் போனதல்ல அது. எதை முதலில் செய்ய வேண்டும் என்று சொல்ல ஆள் இல்லாததால் போனது. டெல்டா முழுக்க இப்படிப் பூட்டிக் கிடக்கிற மடங்களும் சத்திரங்களும் நிறைய. "சும்மாதானே கிடக்கிறது, நாலு பேர் தங்கட்டுமே" என்று நல்ல எண்ணத்தோடு யோசிக்கிறவர்களும் நிறைய. அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

முதலில் இடத்தைப் பற்றி. பழைய வருவாய்க் கணக்கு ஆண்டான பசலி 1302இல், அதாவது 1892-93 வாக்கில், என் கொள்ளுத்தாத்தா எழுதி வைத்தது. வீதியைப் பார்த்த திண்ணை, ரேழி, பெரிய கூடம், முற்றம், இரண்டு பக்கமும் அறைகள், கடைசியில் பத்தாய அறை, அதற்கும் பின்னால் கொல்லை. கூடத்தின் மேற்குச் சுவரில் கிருஷ்ணர் படமும் விக்ரகமும். மருதாநல்லூர் சத்குரு சுவாமிகள் வகுத்துக் கொடுத்த பத்ததியில் சனிக்கிழமை பஜனை, தை மாதம் ராதா கல்யாணம். பெரியப்பா இருந்தவரை இரண்டும் தடையில்லாமல் நடந்தன. அவர் போன பிறகு சனிக்கிழமைக்கு நாலைந்து பேர் வந்தார்கள், அப்புறம் அதுவும் குறைந்தது. எழுதி வைத்த நிலத்திலிருந்து குத்தகை வருகிற வருஷமும் உண்டு, வராத வருஷமும் உண்டு. மற்ற இரண்டு டிரஸ்டிகளில் ஒருவர் புனேயில், ஒருவர் படுக்கையில். பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஊரில் இருந்தவள் நான் ஒருத்திதான். பொறுப்பு என் தலையில் விழுந்தது.

அந்தச் சமயத்தில் லாட்ஜ் நடத்துகிற ஒருவர் வந்தார். பதினைந்து வருஷக் குத்தகை, மொத்தச் செலவும் அவருடையது, மாசம் நாற்பதாயிரம் வாடகை. எங்கள் ஊர் ஐராவதேசுவரர் கோயில் 2004இல் உலகப் பாரம்பரியச் சின்னப் பட்டியலில் சேர்ந்த பிறகு கூட்டம் வருகிறது, நவக்கிரகத் தலங்களைச் சுற்றுகிறவர்களும் கும்பகோணத்தைத்தான் மையமாக வைத்துக்கொள்கிறார்கள், போதாக்குறைக்கு 2028இல் மகாமகம் என்று கணக்குச் சொன்னார். எனக்கும் ஆசை வந்தது. வக்கீலிடம் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "சாசனம் எங்கே?"

மடத்தை எழுதி வைத்த மூலப் பத்திரம்தான் சாசனம். வீட்டில் எல்லோரும் அதைப் பற்றிப் பேசியிருக்கிறோம், யாரும் படித்ததில்லை. பெரியப்பாவின் டிரங்குப் பெட்டியில் இருந்தது பாதி செல்லரித்த நகல். சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கேட்டு விண்ணப்பித்தேன். ஆன்லைனில் வில்லங்கம் போட்டுப் பார்த்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். இவ்வளவு பழைய பத்திரமெல்லாம் அதில் வராது. பழைய கைப்பிரதிப் பதிவேடுகளில்தான் தேட வேண்டும், ஊர்ப் பெயரும் தோராய வருஷமும் கையில் இருந்தால்தான் தேடவே முடியும். பசலியோடு 590 கூட்டினால் ஆங்கில வருஷம் வந்துவிடும் என்கிற சின்ன விஷயம் அங்கே பெரிய உதவி. நிலத்தில் ஒரு பகுதி மடம் கட்டுவதற்கு முன்பே தண்ணீர்ப்பந்தல் தர்மத்துக்கு விட்ட இனாம், அதாவது மானிய நிலம், என்பதால் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இனாம் ஃபேர் ரிஜிஸ்டரையும் பார்க்க வேண்டியிருந்தது. 1860களில் இனாம் கமிஷன் தயாரித்த பதிவேடு அது. எந்த நிலம், எதற்காக, யாருக்கு விடப்பட்டது என்று ஒரே வரிசையில் இருக்கும். உங்கள் மடம் அதற்கும் பழையது என்றால் மற்ற எல்லாக் காகிதத்துக்கும் முன்னால் அதைத் தேடுங்கள்.

சாசனத்தில் மூன்று விஷயம் இருந்தது. பஜனையும் ராதா கல்யாணமும் நடக்க வேண்டும். பாதசாரிகளுக்கு மூன்று நாள் இடமும் ஒருவேளை அன்னமும் தர வேண்டும். நிலத்தையும் மடத்தையும் யாரும் பாராதீனம் செய்யக் கூடாது, அதாவது விற்கவோ பிறர் கைக்கு மாற்றவோ கூடாது. வக்கீல் படித்துவிட்டு, "இது குடும்பச் சொத்து இல்லை, பொது தர்மம். உங்கள் குடும்பம் பரம்பரையாக நிர்வாகம் பார்க்கிறது, அவ்வளவுதான்" என்றார். அந்த ஒரு வாக்கியம் எங்கள் வீட்டில் கிளப்பிய புகை அடங்க வெகுநாளாயிற்று. பங்கு வரும் என்று எதிர்பார்த்திருந்த அத்தை பிள்ளைகள் என்னோடு இன்னும் சரியாகப் பேசுவதில்லை.

ஆனால் அதுதான் எங்களைக் காப்பாற்றியது. 1959ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையக் கொடைகள் சட்டத்தின் 34ஆம் பிரிவுப்படி, சமய நிறுவனத்தின் அசையாச் சொத்தை ஆணையரின் அனுமதி இல்லாமல் விற்கவோ, அடமானம் வைக்கவோ, ஐந்து வருஷத்துக்கு மேல் குத்தகைக்கு விடவோ முடியாது, விட்டால் செல்லாது. லாட்ஜ்காரர் சொன்ன பதினைந்து வருஷக் குத்தகையில் கையெழுத்துப் போட்டிருந்தால் அந்தப் பத்திரம் வெறும் காகிதம். அவர் கொட்டிய பணத்துக்கு என் மேல் வழக்கு வந்திருக்கும். உங்கள் மடம் சமய நிறுவனமா இல்லையா, நீங்கள் பரம்பரை அறங்காவலரா இல்லையா என்பதில் தகராறு இருந்தால் அதைத் தீர்மானிக்க 63ஆம் பிரிவு இருக்கிறது, இணை ஆணையரிடம் மனுப் போட வேண்டும். சாசனத்தில் இல்லாத புது நோக்கத்துக்குக் கட்டடத்தைத் திருப்பப் போகிறீர்கள் என்றால் நிர்வாகத் திட்டத்தையே மாற்ற வேண்டும். அந்தச் சட்டத்துக்குள் வருகிற நிறுவனம் என்றால் 64ஆம் பிரிவு, வராத பொது தர்மம் என்றால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92ஆம் பிரிவு. இரண்டுமே வருஷக்கணக்கில் இழுக்கும். எங்கள் சாசனத்தில் பாதசாரிகளுக்கு இடம் என்பது முதலிலிருந்தே இருந்ததால் அந்த வழிக்குப் போக வேண்டியிருக்கவில்லை. டிரஸ்டே நடத்துவது, பஜனை நிற்கக் கூடாது, இரண்டு அறை நடந்து வருகிறவர்களுக்கு இலவசம் என்று தீர்மானம் எழுதினோம்.

ஒரு விஷயத்தில் மட்டும் சாசனத்தின்படி நடக்கவில்லை, நடக்கவும் முடியாது. பாதசாரிகள் என்று எழுதிய கையோடு இன்ன ஜாதி என்றும் எழுதியிருந்தார் கொள்ளுத்தாத்தா. அந்தக் காலத்துப் பத்திரங்களில் இது சகஜம், உங்களுடையதிலும் இருக்கலாம். பொதுமக்களுக்குத் திறந்த தர்மசாலையில் தீண்டாமை காரணமாக ஒருவரைத் தடுப்பது 1955ஆம் ஆண்டு குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வருமான வரிச் சட்டமும் 1962க்குப் பிறகு உருவான அறக்கட்டளை ஒரு ஜாதிக்கு மட்டும் பயன்படுமானால் விலக்குத் தராது. சட்டம் இருக்கட்டும், எனக்கே அது சம்மதமில்லை. முப்பது வருஷம் எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்த்துப் பாடம் நடத்திவிட்டு, இங்கே வாசலில் நின்று கோத்திரம் கேட்பேனா? பஜனைக்கு வரும் மூத்த மாமா ஒருவர், "பெரியவா எழுதி வெச்சதை மாத்த நீ யாரும்மா?" என்று கூடத்திலேயே கேட்டார். "நான் மாத்தலை மாமா, நாடு மாத்தி எழுபது வருஷமாச்சு" என்றேன். கொஞ்ச நாள் வராமல் இருந்தார், பிறகு வந்தார். இந்தப் பேச்சை வேலை தொடங்குவதற்கு முன்பே, எல்லோரையும் உட்கார வைத்துப் பேசி, தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். திறந்த பிறகு முதல் விருந்தாளியை நிறுத்தி வைத்துக்கொண்டு பேசக் கூடாது.

அடுத்து கழிப்பறை. அறைக்கு ஒன்று வேண்டும் என்று கொல்லையில் வரிசையாக எட்டு கட்டுவதாக பிளான் போட்டு, பொறியாளருக்கு எண்பதாயிரம் கொடுத்தாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் தெரிந்தது, தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி, அதற்கு மேலும் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. எங்கள் கொல்லை முழுவதும் ஐராவதேசுவரர் கோயில் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள். 2010இல் திருத்திய சட்டப்படி அங்கே தனியார் புதுக் கட்டுமானத்துக்கு வழியே கிடையாது. 1992 ஜூன் 16க்கு முன்பிருந்தே இருக்கிற கட்டடத்தைப் பழுது பார்க்கலாம், புதுப்பிக்கலாம், அதற்கும் தகுதி பெற்ற அதிகாரியிடம் விண்ணப்பித்து அனுமதி வாங்க வேண்டும். அகலத்திலோ உயரத்திலோ கூட்டக் கூடாது. அளவை கோபுரத்திலிருந்து எடுக்காதீர்கள், பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து எடுக்க வேண்டும். எண்பதாயிரம் போனது போனதுதான்.

பத்தாய அறைதான் கைகொடுத்தது. குத்தகை நெல் கொட்டி வைத்த இடம், நல்ல நீளம். அதற்குள்ளேயே தடுத்து நாலு கழிப்பறை, நாலு குளியலறை. அறையோடு ஒட்டிய குளியலறை கிடையாது என்பதால் சிலர் திரும்பிப் போகிறார்கள், போகட்டும். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி வைக்கவும் விடவில்லை கொத்தனார். நூறு வருஷத் தளம் இரண்டாயிரம் லிட்டரைத் தாங்காது என்றார். தொட்டியைத் தரையில் வைத்து பிரஷர் பம்ப் போட்டோம். அனுமதி கையில் வருவதற்குள் ஒரு மழைக்காலம் முழுதாகப் போய்விட்டது, அந்த மழையில் கூடத்தின் வடக்குப் பக்க மேல்தளம் இன்னும் கொஞ்சம் இறங்கியது.

இப்போது சுவருக்கு வருகிறேன். பணம் கரைந்தது இங்கேதான். முதலில் வந்த கான்ட்ராக்டர் சதுர அடிக் கணக்கில் சிமெண்டுப் பூச்சுக்கு விலை சொன்னார். பழைய சுண்ணாம்புப் பூச்சைக் கொத்தி எறிந்துவிட்டு சிமெண்டு பூசி, மேலே வண்ணம் அடித்து, இரண்டு மாதத்தில் சாவி கொடுப்பதாகப் பேச்சு. சுண்ணாம்பே வேண்டாமா என்று நான் கேட்டதற்கு, "அதெல்லாம் இப்ப யாரு மேடம் பண்றா" என்றார். கூடத்தின் இரண்டு சுவரை முடித்து 1,80,000 ரூபாய் வாங்கிக்கொண்டார். ஐப்பசி மழை முடிவதற்குள் வண்ணம் கொப்பளித்து, உப்புப் பூத்து, கையால் தொட்டால் பொடியாக உதிர்ந்தது. காரைக்குடிப் பக்கத்திலிருந்து சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் ஒருவரைத் தேடிப் பிடித்தேன். அவர் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "டீச்சரம்மா, இந்தச் சுவரு மூச்சு விடுற சுவரு. மூக்கைப் பொத்திப்புட்டாக" என்றார்.

விஷயம் இதுதான். பழைய கட்டடத்துக்கு அடியில் ஈரத்தைத் தடுக்கும் பட்டை கிடையாது. தரையிலிருந்து ஈரம் செங்கலில் ஏறிக்கொண்டே இருக்கும், சுண்ணாம்புப் பூச்சு வழியாக ஆவியாகிப் போய்விடும். மேலே சிமெண்டு பூசினால் அந்த ஈரத்துக்குப் போக்கிடம் இல்லை. உப்பையும் இழுத்துக்கொண்டு இன்னும் உயரத்துக்கு ஏறும். அதனால் சிமெண்டைக் கொத்தி எடுக்கவும் காசு, மறுபடி சுண்ணாம்பு பூசவும் காசு. கொத்தும்போது செங்கலும் சேர்ந்து பெயர்ந்து வந்தது. அந்த இரண்டு சுவருக்கு மட்டும் மொத்தத்தில் நாலு லட்சத்துக்கு மேல் ஆனது. பிளாஸ்டிக் எமல்ஷனும் இதே வேலையைத்தான் செய்யும், சுண்ணாம்பு வெள்ளையடிப்பதே போதும்.

சுண்ணாம்பு வேலைக்கு அவசரம் ஆகாது. சுண்ணாம்பை நீற்றித் தொட்டியில் ஊறப்போட்டு வாரக்கணக்கில் வைக்க வேண்டும். கடுக்காயையும் வெல்லத்தையும் தனியாக ஊறவைத்து, புளித்த நீரைச் சாந்தில் சேர்ப்பார்கள். கொல்லை பூராவும் கள்ளுக்கடை வாசனை. பக்கத்து வீட்டு மாமி ஜன்னலைச் சாத்திக்கொண்டார். ஒரு பூச்சு இறுகிய பிறகுதான் அடுத்த பூச்சு. காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுத்து மெல்ல மெல்ல இறுகுகிற பொருள் அது, அடைமழையில் செய்தால் இறுகாது. ஆகவே வேலை நாளை மாசி முதல் ஆவணி வரை என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். கூலி அதிகம் என்பதைவிட ஆள் கிடைப்பது அரிது. நல்ல கொத்தனார் கிடைத்தால் அவர் சௌகரியத்துக்கு உங்கள் தேதியை மாற்றிக்கொள்ளுங்கள்.

மேல்தளம் மெட்ராஸ் டெரஸ் என்கிற பழைய முறை. தேக்குக் கட்டைகள் மேல் சின்னச் செங்கலைக் குத்தாக, கோணலாக அடுக்கி, செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பு போட்டு இடித்து, மேலே தட்டு ஓடு பதித்தது. கீழே இருந்து பார்த்தால் கட்டையெல்லாம் அழகாகத்தான் தெரியும். சுவருக்குள் செருகியிருக்கிற நுனிதான் முதலில் கெடும், அதுவும் மழைநீர் இறங்குகிற தூம்புக்குப் பக்கத்தில் இருப்பவை. நாங்கள் மதிப்பீட்டில் மூன்று கட்டை மாற்றுவதாக எழுதியிருந்தோம். பிரித்தபோது பதினொன்று கரையானுக்குப் போயிருந்தது. மதிப்பீடு போடும் முன் ஒவ்வொரு கட்டையின் நுனியையும் துளையிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்குச் சில ஆயிரம் ஆகும், எனக்கு அதைச் செய்யாததால் வந்த வித்தியாசம் லட்சங்களில். பழைய தேக்கு வேண்டுமென்றால் வீடு இடிக்கிற இடங்களில் மரம் வாங்கி விற்பவர்களிடம் கேளுங்கள், புதுத் தேக்கைவிட அதுவே நிற்கும்.

பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். பாதி உறவுக்காரர்கள், கால் பாகம் ராதா கல்யாணத்துக்கு வருகிற பழைய குடும்பங்கள், மீதி என் ஓய்வூதியப் பணத்திலிருந்து டிரஸ்டுக்குக் கடனாகக் கொடுத்தது. அந்தக் கடனையும் தீர்மானத்தில் எழுதி வைத்திருக்கிறேன், நீங்களும் அப்படியே செய்யுங்கள். நன்கொடை கேட்டுப் போனால் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி 80ஜி, அதாவது கொடுத்தவருக்கு வருமான வரிச் சலுகை, உண்டா என்பது. அதற்கும் டிரஸ்டின் வரிவிலக்குப் பதிவுக்கும் (நாங்கள் வாங்கியபோது 12ஏபி) வேலை தொடங்கும் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். ரொக்கமாக இரண்டாயிரத்துக்கு மேல் கொடுத்தால் கொடுத்தவருக்கு வரிச் சலுகை கிடையாது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மார்ச் மாதம் ஃபோன் வரும்.

வெளிநாட்டுப் பணத்தில் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். அமெரிக்காவில் இருக்கும் சித்தப்பா பிள்ளை ஐந்து லட்சம் அனுப்பினான். அவன் அங்கே குடியுரிமை வாங்கிவிட்டவன். எஃப்.சி.ஆர்.ஏ. என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் பதிவு இல்லாத டிரஸ்ட் அந்தப் பணத்தைத் தொடவே கூடாது, அனுப்பியவரிடம் ஓ.சி.ஐ. என்கிற வெளிநாட்டு இந்தியர் அட்டை இருந்தாலும் சரி. வங்கியில் கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்பியதால் பிழைத்தேன். இன்னமும் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கிற துபாய் மருமகன் தன் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து முறையான வங்கி வழியில் அனுப்பியதற்கு அந்தச் சிக்கல் இல்லை. எஃப்.சி.ஆர்.ஏ. பதிவே வாங்கிவிடலாம் என்றால், டிரஸ்ட் மூன்று வருஷமாவது நடந்திருக்க வேண்டும், அந்த மூன்று வருஷத்தில் பதினைந்து லட்சம் தன் நோக்கத்துக்குச் செலவழித்திருக்க வேண்டும். சின்ன மடத்துக்கு அது எட்டாத உயரம். அந்த ஐந்து லட்சத்தை நம்பிக் கட்டைக்கு முன்பணம் கொடுத்திருந்தேன். அந்த மாதம் நகை அடகுக்குப் போனது.

வாடகை அறைக்கு 700 ரூபாய். ஏன் கூட்டவில்லை என்று கேட்கிறார்கள். பதிவு பெற்ற அறக்கட்டளை, பொதுமக்கள் வழிபடும் இடத்தின் வளாகத்தில் விடுகிற அறைக்கு நாள் வாடகை ஆயிரத்துக்குக் கீழே இருந்தால் ஜி.எஸ்.டி. கிடையாது. சாதாரண லாட்ஜுக்கு இருந்த ஆயிரம் ரூபாய் விலக்கு 2022 ஜூலையில் எடுக்கப்பட்டுவிட்டது, இது மட்டும் நிற்கிறது. எங்கள் வரவு இருபது லட்சத்தை எட்டாது என்பதால் பதிவே தேவையில்லை என்றாலும், அந்த ஆயிரத்துக்குக் கீழேயே இருப்பது தர்மத்துக்கும் பொருத்தம். மின் இணைப்பை மட்டும் மறந்துவிடாதீர்கள். வாடகைக்கு அறை விட ஆரம்பித்தால் வணிக விகிதம்தான், வழிபாட்டு இடத்துக்கான சலுகை விகிதத்தில் ஓட்ட முடியாது. கூடத்துக்கும் பூஜைக்கும் தனி மீட்டர், அறைகளுக்குத் தனி மீட்டர் என்று வயரிங் செய்யும்போதே பிரித்துவிட்டால் நல்லது.

தீயணைப்புத் துறை ஆய்வு கடுமையாக இருந்தது. எனக்கு அதில் குறை இல்லை. 2004 ஜூலை 16 அன்று பள்ளித் தீயில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்த ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறோம். அன்று நானும் வகுப்பில்தான் இருந்தேன், வேறு பள்ளியில். கொல்லையில் சமாராதனைச் சமையலுக்குப் போட்டிருந்த கீற்றுக் கொட்டகையை அவர்கள் சொல்வதற்கு முன்பே பிரித்துவிட்டேன். கோட்டை அடுப்பு போய் கேஸ் வந்தது, சிலிண்டர் சுவருக்கு வெளியே. மேலே மரக் கட்டை, மாடிக்கு ஒரே குறுகிய படி. ஆகவே மாடி அறைகளைத் தங்க விடுவதில்லை, பாத்திர பண்டம் வைக்கத்தான். பதினொன்று அறை எட்டாகக் குறைந்தது இப்படித்தான்.

தினசரி நடத்துவதில் பெரிய தலைவலி செருப்பும் கூடமும். அறைகளுக்குப் போகிற வழி கூடத்தின் நடுவே. பஜனை நடக்கும்போது பெட்டியை இழுத்துக்கொண்டு ஒருவர் குறுக்கே போனால் பாடுகிறவருக்குக் கோபம் வருமா வராதா? முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரத்தின் வழியாகவே போக வர ஏற்பாடு செய்து, சனிக்கிழமை மாலை ஆறு முதல் எட்டு வரை அறை தருவதில்லை என்று வைத்தோம். மது, மாமிசம் கூடாது என்பதை முன்பதிவு நேரத்திலேயே சொல்லிவிடுகிறோம், வாசலில் சொன்னால் சண்டை. அடையாள அட்டை வாங்காமல் யாருக்கும் சாவி கிடையாது. கோயில் பார்க்க வெளிநாட்டவர் வந்து தங்கினால் 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் தெரிவித்தாக வேண்டும்; அதற்குரிய பதிவை முன்கூட்டியே செய்து வைக்காததால் ஒரு பிரெஞ்சுத் தம்பதியைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று.

இன்றைக்கு நிலவரம் இப்படி. காவல்காரர், துப்புரவுக்கு ஒரு அம்மா, மின்சாரம், எண்ணெய்த் திரி எல்லாம் சேர்த்து மாசம் 48 ஆயிரம் செலவு. முகூர்த்த மாதங்களில் வரவு அதைத் தாண்டுகிறது, ஆடியிலும் புரட்டாசியிலும் தாண்டுவதில்லை, நான் கொடுத்த கடனில் இதுவரை ஒரு ரூபாய் திரும்பவில்லை. மகாமகத்துக்கு அறை வேண்டும் என்று இப்போதே ஃபோன் செய்கிறார்கள், அன்றைக்கு ஐயாயிரம் தருவதாகவும் சொல்கிறார்கள். 2028 மாசி மாதம் முழுவதும் எட்டு அறையும் நடந்து வருகிறவர்களுக்கு என்று தீர்மானம் போட்டிருக்கிறோம். புனே டிரஸ்டி இன்னும் அதில் கையெழுத்துப் போடவில்லை.